நாற்பத்திரண்டு குடங்கள்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு முழுப் பக்கத்தைச் சேர்ந்தாற்போல எழுதியது ஒரே ஒரு முறைதான். அது ஒரு விளக்கக் கடிதம். அதை எழுதிய அன்றோடு நான் பார்த்த வேலையும் முடிந்தது. ஒரு பக்கம் எழுதியவள் இன்னும் நாலைந்து பக்கம் எழுதிப் பார்த்தால் என்ன என்ற அசட்டுத் துணிச்சலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பத்தொன்பது வருடம் போனேன். முதலில் லேபிள் ஒட்டினேன். பிறகு பண்டல் சரிபார்த்தேன். அந்த வேலையில் பேச வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. மிஷின் வந்த பிறகு ஆட்களைக் குறைத்தார்கள், நானும் வீட்டில் இருந்தேன்.

எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தலைமையாசிரியர் ஒருநாள் சாயங்காலம் வந்தார். அவருடைய பள்ளிக்கூடம் பசுவந்தனைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தது. அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலையில் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்த பெண் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். "ஆறே மாசம்தாம்மா. பன்னெண்டாவது படிச்சிருந்தா போதும். நல்லா நடந்தா அடுத்த சுத்துலயும் ஒங்களத்தான் போடுவாங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் தங்கை உள்ளேயிருந்து சிரித்தாள்.

"சார், இவ காய்கறிக்காரன்ட்ட வெல கேக்கக்கூட என்னத்தான் அனுப்புதா. இவ டீச்சரா?"

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

டவுன் பஸ்ஸில் போய் வழியில் இறங்கி, கரிசல் காட்டு ரோட்டில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். நான் சேர்ந்தது புரட்டாசிக் கடைசி. விதைப்பு மழை விழுந்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் எடை கூடிக்கொண்டே போனது. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் வந்த பெண்கள் வாசற்படியில் ஒரு ஓட்டுத் துண்டால் காலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். முடித்த ஒருத்தி ஒன்றும் கேட்காமல் ஓட்டை என்னிடம் நீட்டினாள். வேலைக்கு அதுதான் வரவேற்பு.

வகுப்பு சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை. பதினொரு பேர். எல்லாரும் பெண்கள். பகலில் அந்த அறையில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் நடக்கும். பெஞ்சுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. களை எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு அதில் குனிந்து உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதில் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாளும் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன். மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சரு, ஒங்க முதுகு எங்களுக்கு நல்லா மனப்பாடம் ஆயிட்டு. மொகத்தையும் கொஞ்சம் காட்டுங்க."

பாய் முழுவதும் சிரித்தது. நானும் திரும்பினேன். சொன்னவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்தி, உளுந்து என்று கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஏன் படிக்க வந்தாய் என்று கேட்டபோது, "எங்க வீட்ல அவிய ரெண்டு பாசையிலயும் ஏசுதாவ. நான் ஒரு பாசையிலயாவது படிக்கணும்லா" என்றாள். அவளுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் வாய்க்காரி. இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவள் வருத்தப்பட மாட்டாள்.

நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆட்டுமந்தை வைத்திருக்கும் குடும்பம். அறுவடை முடிந்த வயலில் மந்தையை ராத்திரி முழுக்க அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும். அதைக் கிடை போடுவது என்பார்கள். பங்குனியில் தாமிரபரணிப் பக்கம் நெல் அறுப்பு முடிந்ததும் இவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வயல் வயலாக மாறி, திரும்பி வர இரண்டு மூன்று மாதம் ஆகும். போகிற ஆண்களுக்குப் பொங்கிப்போட ஒரு பெண் கூடப் போக வேண்டும். பல வருடமாக அந்தப் பெண் இவர்தான். ஊரில் இவரைக் கிடைக்காரம்மா என்றார்கள்.

அவருக்கு வலது முழங்கால் போய்விட்டது. பாயில் உட்கார்ந்தால் அந்தக் காலை மட்டும் நேராக நீட்டிக்கொள்வார். அது நடைபாதையை மறிக்கும். நான் தாண்டித் தாண்டிப் போய்க் கரும்பலகையில் எழுதுவேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னொரு முறை மந்தை பின்னால் போக முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடும் ஆள் வயதாகி வேலையிலிருந்து நிற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, பஞ்சாயத்தில் போய்க் கேட்டிருக்கிறார். தொட்டி எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது, மருந்து எப்போது கலந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்காக வந்தவர் அவர். மற்றவர்கள் பஸ் போர்டு படிக்க, பேரன் நோட்டைப் பார்க்க, சும்மா பொழுதுபோக என்று வந்தார்கள். அவருக்கு மட்டும் கெடு இருந்தது. பங்குனியில் மந்தை கிளம்புவதற்கு முன் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

எழுத்து அவருக்குச் சீக்கிரம் வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் முகம்போலத் தெரிந்துவைத்துக்கொண்டார். "இது தலையச் சாச்சிக்கிட்டு நிக்கி", "இதுக்கு வாலு இங்கன வளையுது" என்பார். ஒருமுறை பார்த்ததை மறக்க மாட்டார். கணக்கில்தான் நான் தப்பு செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவரவர் வாழ்க்கையில் இருக்கிற பொருளை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள், மனதில் பதியும் என்றார்கள். கழித்தல் ஆரம்பித்த அன்று வாய்க்காரிக்குப் பருத்தி மூட்டையை வைத்துக் கணக்குப் போட்டேன். நன்றாகப் போனது. அந்த உற்சாகத்தில் கிடைக்காரம்மாவைப் பார்த்து, "உங்ககிட்ட எத்தன ஆடு இருக்கு?" என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். எண்ணிக்கை தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருக்கு உதவுவதாக நினைத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

"சரி, அறுபது ஆடு இருக்குன்னு வச்சுக்குவோம். அதுல எட்டு செத்துப்போச்சு. மீதி எத்தன?"

அறுபதை எழுதி, கீழே எட்டை எழுதி, கோடு போட்டுவிட்டுத் திரும்பினேன். கிடைக்காரம்மா சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தார். காலைச் சாய்த்துச் சாய்த்து வாசலுக்குப் போனார். போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன டீச்சரு நீங்க" என்றாள் வாய்க்காரி. அன்றைக்கு அவள் குரலில் கேலி இல்லை. "ஆடு வச்சிருக்கவங்ககிட்டப் போயி எத்தனன்னு கேக்கலாமா? அவங்களே வாய்விட்டு எண்ண மாட்டாங்க. எண்ணுனா கொறஞ்சிரும்பாங்க. நீங்க என்னன்னா எண்ணி, எட்ட வேற கொன்னுட்டீங்க."

நான் கரும்பலகையை அழித்தேன். அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்று நாள் அவர் வரவில்லை. நான்காம் நாள் வகுப்புக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். முள்வேலிப் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டியை மடியில் போட்டு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் வரும்போது தயாரித்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"வேணும்னா சொன்னீங்க? தெரியாமத்தான சொன்னீங்க. அதுக்கு ஏன் இம்புட்டுத் தூரம்?"

"எண்ணாம எப்படித் தெரியும், ஒண்ணு தப்பிப்போச்சுன்னா?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் கேட்கக் கூடாத கேள்விதான்.

"ஒங்க வகுப்புல ஒரு ஆளு வரலன்னா எண்ணியா பாக்கீங்க? இன்ன ஆளக் காணோம்னு தெரியும்லா. அது மாரித்தான். தாய் போச்சுன்னா குட்டி கத்தும். குட்டி போச்சுன்னா தாய் கத்தும். எண்ணி என்ன செய்ய?"

அவர் சொன்னது சரிதான். மூன்று நாளும் நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே நடைபாதையில் கால் இல்லாததைப் பார்த்துவிட்டிருந்தேன்.

அன்றைக்கே வகுப்புக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு என் கணக்குகளில் ஆடு வரவில்லை. எல்லாம் குடம்தான். தொட்டியில் இத்தனை குடம், தெருவுக்கு இத்தனை குடம், மீதி எத்தனை. அதில் அவர் மற்றவர்களைவிட வேகம். கடிகாரம் பார்ப்பது மட்டும் கடைசிவரை அவருக்குச் சரியாக வரவில்லை. சின்ன முள்ளும் பெரிய முள்ளும் மாறி மாறிப் போகும்.

"தொட்டிக்கு மணி பாக்கணுமே யக்கா" என்று வாய்க்காரி சீண்டுவாள்.

"தொட்டி நெறஞ்சா சத்தம் வரும்ட்டி. ஒனக்குத்தான் நெறையாமலே சத்தம் வருது" என்பார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு வைத்தார்கள். கேள்வித்தாளிலேயே பதில் எழுத இடம் விட்டிருந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பகுதி. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தலைமையாசிரியர்தான் மேற்பார்வை. கண் சரியாகத் தெரியாதவர்களுக்குக் கேள்வியைப் படித்துக்காட்ட என்னையும் அறைக்குள் இருக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் குளித்துத் தலைவாரி, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வந்திருந்தார்கள். வாய்க்காரி மூன்று பேனா கொண்டுவந்திருந்தாள்.

முடிய கால் மணி நேரம் இருக்கும்போது கிடைக்காரம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். எல்லாம் எழுதியிருந்தார். கடிகாரக் கேள்வியைக் கோட்டைவிட்டிருந்தார். கடைசிக் கணக்கு மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஒரு விவசாயியிடம் 42 ஆடுகள் இருந்தன. அவர் 17 ஆடுகளை விற்றுவிட்டார். மீதி எத்தனை ஆடுகள்?"

கேள்வி எழுதியவர்கள் எங்களுக்குச் சொன்ன அதே பாடத்தைத்தான் தாங்களும் பின்பற்றியிருந்தார்கள். குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"இது உங்க ஆடு இல்லல்லா. யாரோ ஒருத்தர் ஆடுதான."

"எவன் ஆடா இருந்தா என்ன? ஆடு ஆடுதான." நாளைக்கு மழை வராது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "போட்டும் டீச்சரு. மத்ததெல்லாம் எழுதிட்டேன்லா."

மற்றதெல்லாம் போதாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கடிகாரமும் போய் இதுவும் போனால் கணக்கில் அவர் தேற மாட்டார். தலைமையாசிரியர் அப்போது வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பதுதான் காரணம். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். ஆடுகள் என்று இருந்த மூன்று இடத்திலும் கோடு போட்டுவிட்டு மேலே குடங்கள் என்று எழுதினேன். விற்றுவிட்டார் என்பதை அடித்துவிட்டு ஊற்றிவிட்டார் என்று எழுதினேன். விவசாயியை அப்படியே விட்டுவிட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் விரலை வைத்துப் படித்தார்.

"இம்புட்டுத் தண்ணிய எந்தக் கிறுக்கன் ஊத்துவான்" என்று முணுமுணுத்துவிட்டு, ஒன்றைக் கடன் வாங்கி, இருபத்தைந்து என்று எழுதினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பு தொடர்ந்தது. பருத்தி எடுப்பு இருந்ததால் நாலைந்து பேர்தான் வந்தார்கள். கையில் காய்ந்த பருத்தி ஓடு கீறிய கோடுகளோடு வருவார்கள். நான் தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பாடங்களை நடத்திக்கொண்டிருந்தேன். பேனா எடுத்ததைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை மந்தை கிளம்புகிறது என்று கிடைக்காரம்மா முன்பே சொல்லியிருந்தார். அன்று பதினொரு பேரும் வந்தார்கள். நான் ஒப்படைக்க வேண்டிய பொருள்களை மேஜையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவேடு, மிச்சமிருந்த சாக்பீஸ் டப்பா, பாய் நான்கு, அறைச் சாவி. நாற்காலி அங்கேயே இருந்தது. ஆறு மாதத்தில் அதில் மொத்தம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யாரோ சுண்டல் செய்து தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார்கள்.

தலைமையாசிரியர் பழுப்புக் கவரோடு வந்தார். சான்றிதழ்கள். ஒவ்வொருவர் பெயராகப் படித்தார். ஒவ்வொருவரும் எழுந்துபோய் இரண்டு கையாலும் வாங்கினார்கள். வாய்க்காரி வாங்கியதும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல என்ன போட்ருக்கு, யாராச்சும் படிச்சவங்க வாசிங்களேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பத்துப் பெயர் முடிந்தது. கவர் காலியாக இருந்தது. கிடைக்காரம்மா காலை நீட்டியபடி, தன் பெயருக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தலைமையாசிரியர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அந்தம்மா பேப்பர மட்டும் தனியா எடுத்து வச்சிருக்காங்க. கேள்விய யாரோ மாத்திருக்காங்களாம். மேல இருந்து விளக்கம் கேக்காங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீங்களா?"

தலையாட்டினேன்.

"நீங்க ஏம்மா பேனாவ எடுத்தீங்க? என்னக் கூப்பிட்டிருக்கலாம்லா?"

அவர் முற்றத்து வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"ஒண்ணு செய்யலாம். யாரு மாத்துனதுன்னு தெரியலன்னு எழுதிக் குடுத்துருங்க. அந்தம்மா அடுத்த தேர்வுல எழுதிக்கிடட்டும். அடுத்த சுத்துக்கு ஒங்க பேரத்தான் எழுதிருக்கேன். அது கெடாம இருக்கும்."

இந்த இடத்தில் எனக்கு வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை. தெரியவில்லை என்று எழுத முடியாததற்கு முதல் காரணம், குடங்கள் என்பது என் கையெழுத்தில் இருந்தது. ஆறு மாத வருகைப் பதிவேட்டிலும் அதே கையெழுத்து இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். இரண்டாவது காரணத்தை அப்போது யோசிக்கவில்லை. அறைக்குள்ளிருந்து அது தானே வந்தது.

கிடைக்காரம்மா எழுந்து வாசல்வரை வந்திருந்தார். பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பேப்பர் வருமா, வராதா? காலைல ஆறு மணிக்குக் குட்டியானை வருது. சட்டிபான எல்லாம் கட்டியாச்சு. பேப்பர் இருந்தா நான் எறங்கிக்கிடுதேன். இல்லன்னா ஏறிக்கிடுதேன்."

குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. பாத்திர பண்டத்தை அதில் ஏற்றிவிட்டு மந்தை நடந்து போகும். அவரை வண்டியில் ஏற்றிவிடலாம். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு வயல் வயலாக மாறுவதற்கு வண்டி கிடையாது.

"இன்னைக்கே விளக்கம் எழுதிக் குடுத்தா நாளைக்குப் பத்து மணிக்கு நானே கொண்டுபோய்க் குடுப்பேன்" என்றார் தலைமையாசிரியர். "அவங்க என்ன முடிவு சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆறு மணிக்குள்ள ஒண்ணும் தெரியாது."

"சரி" என்றார் கிடைக்காரம்மா. என்னைப் பார்த்தார். "நீங்க எழுதுங்க டீச்சரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதிவேட்டின் கடைசியிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார் தலைமையாசிரியர். பத்துப் பேரும் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சுண்டலை யாரும் தொடவில்லை. ஐயா என்று எழுதிவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

பிறகு எழுதினேன். கேள்வியை மாற்றியது நான்தான். அவர் கேட்கவில்லை. ஆட்டை எண்ணுவதும், எண்ணி எழுதுவதும் அவர்கள் குடும்பத்தில் இல்லை. இது எனக்கு முன்பே தெரியும், ஏனென்றால் வகுப்பில் நானே ஒருமுறை அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பொருளை மட்டும் மாற்றினேன். எண்களை மாற்றவில்லை. விடை அவர் போட்டது. மேற்பார்வையாளர் அப்போது அறைக்குள் இல்லை, அவருக்கு இது தெரியாது. இப்படி எழுதிக்கொண்டே வந்ததில் பக்கம் முடிந்துவிட்டது.

தலைமையாசிரியர் வாங்கிச் சத்தமாகப் படித்தார். அவர் அப்படிப் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் அறைக்குள் இல்லை என்று நான் எழுதியிருந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி குடிக்கப் போனேன்னு போட்ருக்கலாம்" என்றார்.

"கொண்டாங்க சார் இங்கன" என்றாள் வாய்க்காரி. "டீச்சரு சொன்னது நெசந்தான்னு நாங்களும் கையெழுத்துப் போடுதோம்."

"இது என்ன மனுவாம்மா? ஊர்கூடிக் கையெழுத்துப் போட?"

"பின்ன எதுக்கு சார் ஆறு மாசம் கையெழுத்துப் படிச்சோம்? ரேஷன் கடையிலயும் இப்ப மிசின்ல வெரல வைக்கச் சொல்லுதான். வேற எங்கதான் போட?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். பத்துப் பேரும் போட்டார்கள். வாய்க்காரியின் பெயர் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டது. அடுத்தவள், "ஏட்டி, இது ஒம்பேருக்குப் பட்டா போட்ட எடமா?" என்று ஏசிக்கொண்டே ஓரத்தில் எழுதினாள். கடைசியில் கிடைக்காரம்மா கையை நீட்டினார்.

"நீங்க வேண்டாம்மா. ஒங்க பேப்பரப் பத்தின லெட்டர்தான இது. நீங்களே போட்டா நல்லாருக்காது" என்றார் தலைமையாசிரியர்.

"நல்லாருக்கே கத. எல்லாரும் போடுதாளுக, எனக்கு மட்டும் கை வெளங்கலயா?" என்றார். ஆனாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சுண்டலைப் பிறகுதான் சாப்பிட்டோம். ஆறிப்போயிருந்தது. டீச்சர் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று ஒருத்தி சொன்னாள். எழுந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். "அவங்க பேசத்தான் பேசிட்டாங்களே, ஒரு பக்கத்துக்கு" என்று வாய்க்காரி என்னைக் காப்பாற்றினாள். கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்தாள். உள்ளே மிதுக்கங்காய் வற்றல். எங்கள் கரிசல் காட்டில் தானே முளைக்கும் கசப்புக் காய் அது. காயவைத்து எண்ணெயில் பொரித்தால் மோர்ச்சோற்றுக்கு நன்றாக இருக்கும்.

பாய்களைச் சுருட்டி மூலையில் சாய்த்தேன். கரும்பலகையில் அன்றைய தேதி இருந்தது. அதை அழிக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. காலையில் ஒன்றாம் வகுப்புக்கு வேண்டியிருக்கும் என்று அழித்தேன். சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். பதிவேட்டில், பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

பஸ் ரோடுவரை கிடைக்காரம்மா கூட வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அவர் காலுக்காக மெதுவாக நடந்ததில் ஒரு பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடித்த காடு. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அவர் அதைப் பார்த்தபடி வந்தார். நான் அவரிடம் கேட்க நினைத்தேன், காலையில் ஏறுவீர்களா இறங்குவீர்களா என்று. கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஏறலன்னா அவிய ஏசுவாவ. ஏசட்டும். பொங்கிப்போட இந்த வருசம் கொழுந்தன் பொண்டாட்டி போட்டும். அவளுக்குக் கால் நல்லாத்தான இருக்கு." கொஞ்சம் நடந்துவிட்டு, "பேப்பர் வரலன்னா ஊருக்குள்ள சும்மா இருந்தேன்னு ஆயிரும். அதான்" என்றார்.

"வரும்" என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அடுத்த பஸ் வந்தது. "வாரேன்" என்றேன். அவர் தலையசைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பஸ்ஸின் போர்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் தலைமையாசிரியர் போன் செய்தார். காலை ஆறு மணிக்கு மந்தை போய்விட்டது, கிடைக்காரம்மா போகவில்லை என்றார். கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் கணக்குக்கு மார்க் போட்டுவிட்டார்கள், சான்றிதழ் திங்கட்கிழமை வரும், பஞ்சாயத்திலும் சொல்லிவிட்டேன் என்றார். அடுத்த சுற்றுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். சரிங்க சார் என்றேன். அன்று எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை. போனை வைத்துவிட்டுப் போய் ஆறு குடம் பிடித்தேன்.